ஃபர்ஹீன் கை காட்டிய பந்தி

ஆலப்பாக்கம் தாண்டியதுமே எல்லோரும் எழுந்துவிட்டோம். பெட்டி முழுக்கக் கல்யாணக் கூட்டம். பட்டுப் புடவைகள், மல்லிகைப் பூ, சீர்த் தட்டுகள், மேலே வைத்தால் நசுங்கிவிடும் என்று மடியிலேயே வைத்திருந்த இனிப்புப் பெட்டிகள். முதல் நாள் சிதம்பரத்தில் நிக்காஹ் முடிந்திருந்தது. இன்று கடலூர் முதுநகரில் மாப்பிள்ளை வீட்டு வலிமா விருந்து. மணப்பெண்ணையும் அவள் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாங்கள் சிலர் காலை ரயிலில் வந்துகொண்டிருந்தோம். முதுநகரோடு முடிகிற வண்டி அது.

நிலையத்தின் கூரை தெரிந்தது. கூரைக்குக் கீழே சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஆள்கூடத் தெரிந்தார். அப்போதுதான் வண்டி நின்றது.

"போச்சுரா, அவுட்டர்ல போட்டுட்டான்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

ஃபர்ஹீனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த நிறுத்தம்தான். நிலையத்துக்கு வெளியே, சிக்னல் கம்பத்துக்கு முன்னால், இறங்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நிற்கிற அந்த நேரம். எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். அவள் மட்டும் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நான் அவளுடைய பெரியம்மா மகள். முதுநகரில், தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில், ஒரே வீட்டில் வளர்ந்தோம். அவள் அத்தா ஹபிபுல்லா குவைத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்து துறைமுகத்துப் பக்கம் கயிறும் வலையும் விற்கிற கடை வைத்திருக்கிறார். அம்மா நஸீமா எனக்குச் சின்னம்மா, அத்தாவை நானும் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைய மாப்பிள்ளை அவர்கள் மகன், ஃபர்ஹீனின் அண்ணன். தெருப் பிள்ளைகள் எல்லாம் ரயிலைப் பார்த்தால் கை ஆட்டுவார்கள். ஃபர்ஹீன் ரயிலைப் பார்க்க மாட்டாள், கம்பத்தைப் பார்ப்பாள். சிவப்பு ஏன் மாறவில்லை, மாறினால் ஏன் மஞ்சள் வருகிறது, பச்சை ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்பாள். எனக்கு என்ன தெரியும்? "ரயில்காரனக் கேளு" என்பேன்.

பாலிடெக்னிக் படிக்க தினமும் சிதம்பரம் போய்வந்தாள். சாயங்காலம் அவள் வருகிற வண்டியையும் இதே அவுட்டரில்தான் போடுவார்கள். அங்கே நிற்கிற நேரத்திலேயே வீட்டுப் பாடத்தை முடித்துவிட்டு வீட்டுக்குள் வருவாள். படிப்பு முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் ஒரு பரீட்சை எழுதினாள். அது சென்னையில் மெட்ரோ ரயில் ஓட்டுகிற வேலைக்கான பரீட்சை என்பது தேர்வான பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். அத்தா இரண்டு நாள் பேசவில்லை. "பூமிக்கு அடியிலயா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

பயிற்சி முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது ஒரு புதுப் பழக்கத்தோடு வந்தாள். எதைச் செய்தாலும் ஆள்காட்டி விரலை நீட்டி, அதை வாயால் சொல்லிவிடுவாள். வண்டி ஓட்டும்போது சிக்னலை விரலால் காட்டி உரக்கச் சொல்ல வேண்டுமாம், அப்போதுதான் கண் பார்த்தது மனதில் ஏறுமாம். வீட்டில் அடுப்பை அணைத்தால் விரலை நீட்டி "கேஸ் மூடியாச்சு" என்பாள். கதவைப் பூட்டினால் "பூட்டியாச்சு". அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தால் வழி நெடுக "சிவப்பு, பச்சை" என்று காதில் விழும். மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "போலாம்க்கா. ஆனா நிறுத்துறதுக்குத் தயாரா போவணும்" என்றாள்.

ஒரு தடவை சின்னம்மாவும் நானும் சென்னைக்குப் போய் அவள் ஓட்டுகிற வண்டியில் ஏறினோம். முதல் பெட்டி, அவள் அறைக்குப் பக்கத்துக் கதவு. உள்ளே அவள் இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும், வண்டியில் வேறு யாருக்கும் தெரியாது. சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் சொல்லத் துடித்தார். நான் கையைப் பிடித்து அடக்கினேன். கடைசி நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால், சுரங்கத்துக்குள், வண்டி நின்றது. வெளியே இருட்டுச் சுவர். "இன்னாத்துக்கு நிறுத்துறான் இவன்?" என்று ஒருவர் கதவைப் பார்த்துத் திட்டினார். சின்னம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு வண்டி நகர்ந்து, ஊர்ந்து, நிலையத்துக்குள் போனது. கதவு திறந்தது. ஃபர்ஹீன் சீருடையில் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சின்னம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனார்.

"நில்லும்மா, அந்தக் கோடிக்குப் போவணும், வண்டி கெளம்பணும்" என்று சொல்லிவிட்டு எங்களைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவும் நடந்தாள். சின்னம்மா விரித்த கையோடு நின்றார். பிறகு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அத்தா மட்டும் அந்த வண்டியில் ஏறியதே இல்லை.

இப்போது அவுட்டருக்கு வருகிறேன்.

அன்றைக்கு ஃபர்ஹீனின் முகம் ஜன்னலில் இருந்தாலும் கவனம் அங்கே இல்லை. அவள் பக்கத்தில் சர்புன்னிசா மாமி உட்கார்ந்திருந்தார். மணப்பெண்ணின் பெரியம்மா. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். சிதம்பரத்தில் அவர் வீட்டு விசேஷம் என்றால் சமையல்காரர்கூட அவர் முகத்தைப் பார்த்துத்தான் உப்புப் போடுவார் என்று சொல்வார்கள். அவருடைய மகன் முஹம்மது ஆசிக் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். அவனுக்கு ஃபர்ஹீனைக் கேட்டிருந்தார். பையன் நல்ல பையன். ஃபர்ஹீனுக்கும் மறுப்பு இல்லை என்று எனக்குத் தெரியும், போனில் அவன் பெயர் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போவாள். ஆனால் மாமி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பெண் வேலையை விட்டுவிட வேண்டும். ரயில் ஓட்டுகிற மருமகள் வேண்டாம்.

நிக்காஹ்வுக்கு முன்தினம் அத்தா சொல்லிவிட்டார். "வலிமா அன்னைக்கி அவுங்க திரும்பிப் போறதுக்குள்ள பதில் சொல்லணும். வேலைய விட்டுடறான்னு சொல்லிடப் போறேன். நீயும் ஆபீசுக்கு எழுதிப் போட்டுடு."  ஃபர்ஹீன் கையில் டீ டம்ளர் இருந்தது. கட்டைவிரல் அதன் விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தது, விரல் நுனி வெளுத்துப் போகிற அளவுக்கு. வண்டி ஓட்டும்போது பிடியிலிருந்து கையை எடுத்தால் வண்டி தானாக நின்றுவிடும் என்று ஒரு நாள் சொல்லியிருந்தாள். அதுதான் எனக்கு நினைவு வந்தது.

"சுண்டல், சுண்டல், சூடா சுண்டல்!" கலியமூர்த்தி கூடையோடு எங்கள் பெட்டிக்குள் வந்தார். அந்த வழியில் தினமும் விற்கிறவர்.

"ஏம்ப்பா, இன்னும் எம்மா நேரம் நிப்பான்?" என்று சர்புன்னிசா மாமி கேட்டார்.

"நிக்கட்டும்மா. இவன் அவுட்டர்ல நிக்கிறதாலதான் என் அடுப்பு எரியுது. ஸ்டேஷன் வந்துட்டா யாரு சுண்டல் வாங்குறா?"

பெட்டியே சிரித்தது. மாமி சிரிக்கவில்லை. "டிரைவர் எறங்கி டீ குடிக்கப் போயிருப்பான். இவனுங்களுக்கு இன்னா, மாசமானா சம்பளம்" என்றார். பிறகு ஃபர்ஹீனைத் திரும்பிப் பார்த்து, "நீயும் இப்படித்தான் நிறுத்திட்டு டீ குடிப்பியாடி?" என்றார்.

 ஃபர்ஹீன் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"உள்ள எடம் இல்ல மாமி. தோ பாருங்க, விருத்தாசலம் வண்டி நம்ம பிளாட்பாரத்துலதான் நிக்குது. அது போனாத்தான் நாம போவ முடியும்."

"அது ஏன் அங்கயே நிக்குது? மத்த ஸ்டேஷன்ல எல்லாம் வந்தமா, நின்னமா, போனமான்னுதானே இருந்துச்சு?"

"மத்த ஸ்டேஷன்ல நேரா போயிடலாம் மாமி. ஆளு எறங்குனா ஆச்சு. வண்டி முடியிற ஸ்டேஷன்ல அப்படி முடியாது. வந்த வண்டி வந்த வழியே திரும்பணும். எல்லாரும் எறங்கணும், ஒருத்தர் தூங்கிட்டிருப்பாரு, அவர எழுப்பணும். எஞ்சினக் கழட்டி அந்தக் கோடில கொண்டுபோய் மாட்டணும். எங்க வண்டின்னா ரெண்டு கோடிலயும் ஓட்டுற ரூம் இருக்கு, ஆனா ஓட்டுற ஆளு ஒருத்தர்தான். இந்தக் கோடியிலேந்து அந்தக் கோடிக்கு நடக்கணும். அப்புறம் குறுக்குத் தண்டவாளத்துல மாறி வெளிய வரணும், அங்க வேகமா வர முடியாது. இதெல்லாம் முடியிற வரைக்கும் பின்னாடி வர்ற வண்டி சொரங்கத்துக்குள்ளயே நிக்கும். உள்ள இருக்குறவங்க எங்களத் திட்டுவாங்க. கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாம் நல்லாக் கேக்கும்."

"கேக்குமா?" மாமி கொஞ்சம் நெளிந்தார். "இன்னா சொல்லித் திட்டுவாங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கான்னு."

இந்த முறை மணப்பெண்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமி கலியமூர்த்தியிடம் ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கி ஃபர்ஹீன் கையில் வைத்தார். "பேசுறா பாரு. அப்ப தெனமும் இப்படித்தான் நிக்கணுமா? இதுக்கு ஒரு வழி இல்லியா?"

"கூட்டம் ஜாஸ்தியா இருக்குற நேரத்துல ஒண்ணு பண்ணுவோம் மாமி. நான் வண்டிய கொண்டுவந்து நிறுத்துறப்பவே இன்னொருத்தர் அந்தக் கோடில ரெடியா நிப்பாரு. நான் இந்தப் பக்கம் எறங்க, அவரு அந்தப் பக்கம் ஏறி எடுத்துட்டுப் போயிடுவாரு. நான் நடந்து போய் அடுத்து வர்ற வண்டிக்கு நிப்பேன். நடக்குறது நடக்குறதுதான், ஆனா அதுக்காக வண்டி காத்திருக்காது."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமி. உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "இருந்தாலும் பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? ஒங்க அத்தாகிட்ட சாயங்காலம் பேசுறேன்."

சுண்டல் பொட்டலம் ஃபர்ஹீன் கையிலேயே இருந்தது. அவள் பிரிக்கவில்லை. அப்போது விருத்தாசலம் வண்டி ஊதியது. அது மெல்ல வெளியேறுவதை நாங்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். எங்கள் கம்பத்தில் நிறம் மாறியது. ஃபர்ஹீன் தன்னை அறியாமல் விரலை நீட்டினாள். "மஞ்சள்" என்றாள். வண்டி நகர்ந்தது. பெட்டி முழுக்க ஒரு கூச்சல்.

மண்டபம் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, மணப்பெண்ணை உள்ளே மேடைக்கு அழைத்துப் போனார்கள். அவள் வீட்டுப் பெண்கள் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலுக்கு வந்தார்கள். அங்கே நின்றுவிட்டார்கள். உள்ளே இடம் இல்லை.

நாங்கள் வர நேரமானதால் உள்ளூர்க்காரர்களை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அது தப்பில்லை. ஆனால் பெண்கள் பக்கம் அவர்கள் சாப்பிட்டு முடித்து வெகு நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நாலு நாலு பேராக உட்கார்ந்திருந்தார்கள். சஹனில் எலும்பும் ஏலக்காயும்தான் மிச்சம். கை காய்ந்துபோய் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீடுகளில் வழக்கம் அப்படி. விருந்து வைத்த வீட்டுக்காரி ஒவ்வொரு சஹனுக்கும் தானே வந்து குனிந்து, "வயிறு நெறஞ்சுதா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். அவள் வந்து கேட்பதற்கு முன்னால் எழுந்தால் சாப்பாடு பிடிக்கவில்லை என்று அர்த்தம். சின்னம்மா முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு சஹனாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கேட்டால் மட்டும் போதுமா? ஒருத்தி கையைப் பிடித்து மருமகளைப் பற்றி விசாரிப்பாள். இன்னொருத்தி தன் மகள் பிரசவத்தைச் சொல்வாள். சின்னம்மா இன்னும் முதல் வரிசையின் பாதியைத் தாண்டவில்லை. கூடம் நாலு வரிசை.

வாசலில் சம்மந்தி வீட்டார். சீர்த் தட்டை இறக்கி வைக்க இடமில்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பசித்த குழந்தைகள் சிணுங்கின. சர்புன்னிசா மாமி சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். முகம் இறுகிக்கொண்டு வந்தது.

"பொண்ணு கொடுத்தவங்கள வாசல்ல நிக்க வச்சு சாப்பாடு போடுறாங்க. நல்ல மரியாத" என்றார் யாரிடமும் என்றில்லாமல். கூடத்துக்கே கேட்டது.

ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கிற திரைக்கு அந்தப் புறத்திலிருந்து அத்தாவின் குரல் வந்தது. "நஸீமா, சம்மந்தியெல்லாம் ஒக்காந்துட்டாங்களா?" சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையிலிருந்த தாளிச்சாக் குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டேன். இந்தப் பேச்சு ஒரு தடவை சிதம்பரத்துக்குப் போய்விட்டால் வருஷக் கணக்கில் அங்கேயே இருக்கும்.

ஃபர்ஹீன் வாசலில் நின்று கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் முதலில் வரிசைகளில் ஓடியது. பிறகு அம்மா மேல் நின்றது. பிறகு பின்பக்கம், கை கழுவுகிற இடத்துக்குப் போகிற கதவு. எனக்கு அந்தப் பார்வை தெரியும். ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பார்க்கிற பார்வை.

"அக்கா" என்று என் கையைப் பிடித்தாள். "அம்மாதான் நடக்குறாங்க. வண்டி நிக்குது."

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, சின்னம்மா நடந்து முடிக்கிற வரைக்கும் பந்தி நகராது.

அவள் நேராகச் சின்னம்மாவிடம் போய்த் தோளைப் பிடித்து, வெற்றிலைத் தட்டையும் மிட்டாய்த் தட்டையும் எடுத்துக்கொண்டு, கை கழுவுகிற பக்கத்துக் கதவுக்கு நடத்திப் போனாள். "நீ இங்கயே நில்லும்மா. எங்கயும் போவாத. எல்லாரும் ஒன்கிட்ட வருவாங்க. இங்க கேளு, வயிறு நெறஞ்சுதான்னு. எம்மா நேரம் வேணாலும் கேளு."

"ஐயோ, நான் போய்க் கேக்காம அவுங்க எப்படி எந்திரிப்பாங்க?"

"நான் எந்திரிக்க வைக்கிறேன்."

முதல் வரிசையின் முதல் சஹனில் பக்கத்து வீட்டு புஷ்பவள்ளி அக்கா உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டு விருந்து ஒன்றையும் விடாதவர். ஃபர்ஹீன் அவர் முன் குனிந்தாள். "அக்கா, அம்மா ஒங்க எல்லாருக்கும் வெத்தல குடுக்கணும்னு அங்க நிக்கிறாங்க. நீங்கதான் மொதல்ல போவணுமாம்."

"நானா? மொதல்லயா?" புஷ்பவள்ளி அக்கா எழுந்த வேகத்தில் கொலுசு சத்தம் கேட்டது. அவர் எழுந்ததும் அந்தச் சஹனே எழுந்தது. முதலில் போகிற பெருமையை விட யாருக்கு மனசு வரும்? அடுத்த சஹனும் எழுந்தது. வந்த வாசல் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை, எல்லோரும் பின்பக்கக் கதவுக்கு, சின்னம்மாவிடம் போனார்கள். அங்கே கை கழுவியபடி, வெற்றிலை வாங்கியபடி, பிரசவக் கதையைச் சாவகாசமாகச் சொல்லலாம். கூடத்தில் இடம் அடைபடாது.

"அக்கா, நீ நாலு பேரோட சோத்துச் சஹன எடுத்துட்டு முன்வாசல் பக்கம் ரெடியா நில்லு" என்று என்னிடம் சொன்னாள். "காலி சஹன எடுக்குறவங்க வேற. ரெண்டையும் ஒரே ஆளு செய்யக் கூடாது." எங்கள் மாமா மகள்களை இரண்டு பக்கமும் பிரித்து நிறுத்தினாள். ஒரு கூட்டம் பின்னாலிருந்து காலி சஹனை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தது. நாங்கள் முன்னால் ஆவி பறக்கிற பிரியாணிச் சஹனோடு நின்றோம்.

முழுக் கூடமும் காலியாகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. முதல் வரிசை துடைத்து முடிந்ததும் கூடத்தின் நடுவில் நின்று விரலை நீட்டினாள். அது பழக்கத்தில் வந்துவிட்டது.

"மொத வரிச காலி! பச்ச!"

 ஃபர்ஹீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மாமா மகள்களில் ஒருத்தி பக்கென்று சிரித்தாள், அடுத்த கணம் அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "பச்ச! பச்ச!"

சம்மந்தி வீட்டுப் பெண்கள் உள்ளே வந்தார்கள். அவர்கள் உட்கார உட்கார நாங்கள் சஹனை வைத்தோம். மூடியைத் திறந்ததும் நெய் வாசனை எழுந்தது. குழந்தைகளின் சிணுங்கல் அப்படியே நின்றது. அதற்குள் இரண்டாம் வரிசையில், "எங்கள ஏன் இன்னும் கூப்பிடல, நஸீமா காத்திட்டிருப்பாளே" என்று பெண்கள் தாங்களாகவே எழுந்தார்கள்.

"ரெண்டாவது வரிச காலி! பச்ச!" இந்த முறை சொன்னது ஃபர்ஹீன் இல்லை, தட்டுத் துடைக்கிற பிள்ளைகள்.

திரை விலகியது. அத்தாவின் முகம் அரைகுறையாகத் தெரிந்தது. "இன்னா சத்தம் இது? கல்யாண வீடா, இன்னா?"

"அத்தா, சம்மந்தியெல்லாம் ஒக்காந்தாச்சு" என்றாள் ஃபர்ஹீன். விரல் இன்னும் நீட்டியபடி இருந்தது.

அத்தா கூடத்தைப் பார்த்தார். நிறைந்த வரிசைகளைப் பார்த்தார், பின்கதவில் வெற்றிலையோடு நிற்கிற மனைவியைப் பார்த்தார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. "மச்சான், நீங்க அந்தப் பின்வாசல்ல போய் நில்லுங்க. நான் இங்கேந்து அனுப்புறேன்." பெண்கள் பக்கம் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சர்புன்னிசா மாமி சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார், தாளிச்சாவை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். நான் பக்கத்தில் நின்று அவர் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சஹனில் இல்லை, ஃபர்ஹீன் மேல் இருந்தது. மூன்றாவது வரிசையில் இரண்டு பெண்கள் எழுந்தும் எழாமலும் பேசிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் சொல்லிப் பார்த்தும் நகரவில்லை. மாமி கை கழுவாமலேயே எழுந்துவிட்டார்.

"ஏம்மா, குறுக்குத் தண்டவாளத்துல நின்னுட்டு இன்னா பேச்சு? பின்னாடி வண்டி நிக்குதுல்ல?" அந்தக் குரலுக்கு யார் நிற்பார்கள்? இரண்டு பேரும் ஓடினார்கள். மாமி தன் பெரிய கையை நீட்டி, மண்டபமே அதிர, "மூணாவது வரிச பச்ச!" என்றார்.

அதற்குப் பிறகு மூன்றாவது, நாலாவது வரிசைகளை ஃபர்ஹீன் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. மாமி பார்த்துக்கொண்டார். "அவள விட நான் வேகமா எடுக்குறேன் பாரு" என்று என்னிடம் வேறு சொன்னார். சந்தோஷத்தில் அவர் முகம் வியர்த்து மின்னியது.

சாயங்காலம் அவர்களை வழியனுப்ப எல்லோரும் நிலையத்துக்குப் போனோம். மணப்பெண் இங்கே தங்கிவிட்டாள். வண்டி இங்கிருந்தே புறப்படுகிறது என்பதால் முன்னமே நின்றுகொண்டிருந்தது. சர்புன்னிசா மாமி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். மடியில் பிரியாணித் தூக்கு. அத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். 

"சம்மந்தியம்மா, அந்த விஷயம். நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல…"

"அத்தா, நானே சொல்றேன்" என்றாள் ஃபர்ஹீன்.

அவள் அத்தாவை இடைமறித்து நான் பார்த்ததே இல்லை. அவர் கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். ஃபர்ஹீன் அந்த இடத்தில் கையை வைத்தாள். கட்டைவிரல் கம்பியை அழுத்தியது.

"மாமி, நான் வேலைய விடமாட்டேன். ஒங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா வேலைய விட்டுட்டு ஒங்க வீட்டுக்கு வரமாட்டேன்."

 அத்தா பெண்ணைத் திருத்தி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வாயைத் திறந்தார். "அவ சொல்றதுதாம்மா பதிலு" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் சொல்லிவிட்டார்.

மாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தூக்கின் மூடியைச் சரி செய்தார். பிறகு திட்டுகிற குரலிலேயே ஆரம்பித்தார். "நான் இப்ப ஒன்ன விடச் சொல்லிக் கேட்டனா? வேலைய விட்டுட்டு வீட்ல ஒக்காந்தா இதெல்லாம் மறந்துபோவும். என் வீட்ல இன்னும் ரெண்டு கல்யாணம் பாக்கி இருக்கு, அந்தப் பந்திய யாரு பாக்குறது? ஒண்டியா நான் நாலு வரிசையும் பாக்கணுமா?"

"மாமி…"

"இரு, முடிக்கல. ஆசிக் லீவுல வரட்டும். வந்ததும் நீ ஓட்டுற வண்டில ஏறி, பூமிக்கு அடியில, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போவட்டும். அவுட்டர்ல நிறுத்துனா டிரைவரத் திட்டாம ஒக்காந்திருக்கானான்னு பாப்போம். ஒக்காந்திருந்தான்னா மேல பேசலாம். இப்ப நிபந்தன அவனுக்குத்தான்."

சின்னம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார், எது என்று தெரியவில்லை. வண்டி ஊதியது. மாமி ஜன்னல் வழியே தலையை நீட்டி ஃபர்ஹீனின் மோவாயைப் பிடித்தார். "இன்னாடி, பச்சையா?"

ஃபர்ஹீன் முகம் சிவந்துவிட்டது. இருந்தாலும் விரலை நீட்டினாள். "மஞ்சள் மாமி."

"மஞ்சளா? மஞ்சள்னா இன்னா?" மாமி என்னைப் பார்த்தார். வண்டி நகரத் தொடங்கிவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில் நான் ஓடிக்கொண்டே கத்தினேன். "போலாம் மாமி! ஆனா மெதுவா!"

மாமியின் சிரிப்பு பெட்டியோடு போனது. கடைசிப் பெட்டியும் பிளாட்பாரத்தைத் தாண்டியது. தூரத்தில், விருத்தாசலம் பக்கத்துப் பாதையில், வேறொரு வண்டி ஊதுகிற சத்தம் கேட்டது. அவுட்டரில் காத்திருக்கிறவர்கள் இந்த வண்டியைத்தான் திட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

அத்தா வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல விரலை நீட்டி, எங்கள் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "காலி" என்றார்.

ஃபர்ஹீன் கேட்டுவிட்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்ததும் அவர் கையைச் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டார்.

"டூட்டி எப்ப ஒனக்கு?" என்றார். "நானும் ஒரு தடவ வந்து ஏறிப் பாக்குறேன்."